கலுங்கை அடைத்த ஊர்

9 அக்டோபர் 2007, செவ்வாய்

ஒவ்வொரு ஊராட்சியைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம், மாவட்டப் புத்தகத்தில் போடுவதற்கு. யூனியன் ஆபீசில் இருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தலைவராகி ஒரு வருடம் ஆகிறது. என்னிடம் கையெழுத்தைத் தவிர வேறொன்று கேட்டிருப்பது இதுதான் முதல் தடவை.

நான் சொல்லச் சொல்ல கிளார்க் காளிராஜ் எழுதினான். கரிசல் மண். மானாவாரியில் பருத்தி, மக்காச்சோளம், கொஞ்சம் மிளகாய். கண்மாய்க்குக் கீழே நெல். முக்கியத் தொழில் என்ன என்று வந்ததும் இரண்டு பேரும் முழித்தோம். விடிந்ததும் பட்டாசுக் கம்பெனி வேன் வந்துவிட்டால் எங்கள் கீழத்தெருவில் பாதி வீடு பூட்டித்தான் கிடக்கிறது. என் வீட்டுக்காரர் முனியராஜும் அந்த வேனில்தான் போகிறார்.

"வெவசாயம்னே போடுவோம்க்கா, படிக்க நல்லாருக்கும்" என்றான். இரண்டையும் போடு என்றேன். பொய் எழுத நான் எதற்கு?

எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. மழை வேண்டும் என்று பாதி ஊரும், தீபாவளி முடிகிறவரை வேண்டாம் என்று மீதி ஊரும் அதே இருக்கன்குடி மாரியம்மனிடம்தான் போய் நிற்கிறோம். அவள் பாடு திண்டாட்டம்தான்.

12 அக்டோபர், வெள்ளி

கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்குத்தான் கலுங்கு இருக்கிறது. அதைப் பலகையும் மண்ணும் வைத்து அடைத்துவிட்டார்கள், நஞ்சைக்காரர்கள். மழைக்காலம் முடிகிற நேரத்தில் அடைப்பது வழக்கம். மழை தொடங்கும் முன்னே அடைப்பதை இப்போதுதான் பார்க்கிறேன். நாலு வருடமாகக் கண்மாய் நிறையாத ஆத்திரம்.

அடைமழை வந்தால் என்ன செய்வது என்று சங்கரலிங்க அண்ணாச்சியிடம் கேட்டேன். நஞ்சைக்காரர்களில் அவர் சொல்தான் எடுபடும். "வரட்டும்மா, ஒன் வாய்க்குச் சக்கரை போடுதேன்" என்று சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். நஞ்சை இல்லாதவர்களுக்குக் கண்மாய் விஷயத்தில் பேச்சில்லை என்பது இந்த ஊர் வழக்கம். தலைவராக இருந்தாலும்.

20 அக்டோபர், சனி

மழை! கரிசல் குடித்துக்கொண்டே இருக்கிறது. முனியராஜுக்குத்தான் முகம் தொங்கிப் போயிற்று. வெடியைக் காயப்போட வெயில் இல்லை, வேலை பாதிதான்.

23 அக்டோபர், செவ்வாய்

கண்மாய் நிறைந்துவிட்டது. ஊரே கரையில் நின்றது. தேங்காய் உடைத்தார்கள். எனக்கும் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது, ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் திரும்பி இந்தப் பக்கம் பார்த்தேன். கரைக்குக் கீழே, கைக்கு எட்டுகிற தூரத்தில், எங்கள் தெருவின் கூரைகள். கண்மாய்த் தண்ணீர் அவற்றைவிட உயரத்தில் நிற்கிறது.

கலுங்கைத் திறக்கச் சொன்னேன். அண்ணாச்சி நிதானமாகக் கேட்டார்: "ஒனக்கு நஞ்சை எம்புட்டு இருக்கும்மா?"

வீட்டுக்கு வந்துவிட்டேன். எனக்கு நஞ்சை இல்லதான். வீடு இருக்குல்ல? பிள்ளைக அதுலதான படுத்திருக்கு? அங்கனயே கேட்டிருக்கணும். வாசலுக்கு வந்த பிறகு வாய் வந்து என்ன பிரயோஜனம்!

யூனியனுக்குப் போன் போட்டேன். நாளைக்கு ஆள் அனுப்புகிறார்களாம். மாமியார் சோலையம்மாள் அரிசியையும் ரேஷன் கார்டையும் மூட்டை கட்டிவிட்டாள். ஒன்றும் ஆகாது அத்தை என்றேன். சொல்லும்போதே எனக்கு நம்பிக்கை இல்லை.

24 அக்டோபர், புதன்

இப்போதுதான் உட்கார நேரம் கிடைத்தது. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

விடியற்காலையில் வேனுக்குப் புறப்பட்ட முனியராஜ்தான் பார்த்தார். கரையடியில் கசிவு. தெளிந்த தண்ணீராக இருந்தால்கூடப் பரவாயில்லை, கலங்கலாக வந்தது. கரை உள்ளே அரிக்கிறது என்று அர்த்தம். அவர் போட்ட சத்தத்தில் தெருவே எழுந்து ஓடியது. அந்த நேரம் பார்த்து வேனும் வந்து ஹாரன் அடித்தது. தீபாவளிக்குக் கடைசி லோடு போகிற வாரம், இதில் லீவு போட்டால் சீசன் முடிந்து மறுபடி வேலைக்குக் கூப்பிடுவார்களோ மாட்டார்களோ. ஒருவர்கூட ஏறவில்லை. டிரைவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வெறும் வேனைத் திருப்பிக்கொண்டு போனான். ஆணும் பெண்ணுமாக உரச்சாக்கில் மண் அள்ளிக் கரையடியில் அடுக்க ஆரம்பித்தார்கள்.

நான் அண்ணாச்சி வீட்டுக்கு ஓடினேன். சண்டை போடத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"அண்ணாச்சி, கரை போச்சுன்னா எங்க வீடு போகும். ஆனா கண்மாயில ஒரு சொட்டு நிக்காது. ஒங்க நெல்லுக்கு எதை ஊத்துவீக?"

செருப்புக்கூடப் போடாமல் கூடவே வந்தார். கரையில் ஏறியதும் நின்றுவிட்டார். கீழே சாக்கு சுமந்துகொண்டிருந்த ஒருவருக்கும் ஒரு குழி நஞ்சை கிடையாது. அவருக்கும் அது தெரியும்.

"இவுகள்லாம் வேனுக்குப் போகலையா?"

"போகல."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கலுங்கில் இறங்கினார். இடுப்பளவு தண்ணீர். பலகை ஊறிப்போய் அசையவில்லை. முனியராஜ் கடப்பாரையோடு பக்கத்தில் இறங்கி நெம்பினார், அவர் இழுத்தார். முதல் பலகை பிய்த்துக்கொண்டு போனது. அடுத்தடுத்து மற்றவையும், கடைசிப் பலகை ஒன்றைத் தவிர. மத்தியானத்துக்குள் கசிவு மட்டுப்பட்டது.

அந்த ஒன்றை மட்டும் விட்டு வையுங்கள், நெல்லுக்கு ஆகும் என்று நான்தான் சொன்னேன். அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். அதை விட்டுவிட்டுக் கரையேறினார்.

25 அக்டோபர், வியாழன்

கசிவு நின்றுவிட்டது. அத்தை மூட்டையைப் பிரித்தாள். யூனியன் ஆட்கள் இன்று வந்தார்கள். கரையைப் பார்த்தார்கள், டீ குடித்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அப்பாடா.

8 நவம்பர், தீபாவளி

கம்பெனியில் ஒருவரையும் நிறுத்தவில்லை. போர்மேன் கத்தியதோடு சரி. நெல் பச்சையாக நிற்கிறது. சாப்பிட்டுவிட்டு மத்தியானம் முழுக்க ஒரு வேலையும் செய்யாமல் கிடந்தேன். இப்படி ஒரு நாள் கிடைத்து எத்தனை காலமாயிற்று!

21 நவம்பர், புதன்

சாயங்காலம் தமுக்கு அடித்தார்கள். கண்மாய்ப் பேச்சுக்கு வீட்டுக்கு ஒருவர் வர வேண்டுமாம். தமுக்குக்காரர் நஞ்சைக்காரர்களின் மேலத்தெருவோடு திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். எங்கள் தெருவுக்குள்ளும் வந்து அடித்தார். யார் போவது என்று முனியராஜைக் கேட்டால், "நீதான் போகணும், எனக்கென்ன பேச வருது?" என்கிறார்.

17 டிசம்பர், திங்கள்

காலையில் இருந்து கொட்டுகிறது. கண்மாய் மறுபடி நிறைந்திருக்கும். குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், காளிராஜ் நனைந்துகொண்டு ஓடி வருகிறான். கரைதான் போயிற்று என்று நினைத்தேன்.

"போக வேணாம்க்கா. சங்கரலிங்க அண்ணாச்சி அப்பவே போயி மிச்சப் பலகையையும் எடுத்துட்டாக. தலைவரம்மா நனைய வேணாம்னு சொல்லிவிட்டாக."

குடையை மடக்கி வைத்தேன். சோற்றைப் போட்டுச் சாப்பிட்டேன். மழை இன்னும் விடவில்லை. எனக்குத் தூக்கம் வருகிறது.