பாலத்தடியில் நீ வைத்த டப்பா

இயேசு மரி சூசை துணை

முகையூர்

அன்பு மகன் ஸ்டீபன்ராஜுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நார்வே குளிரில் நீயும் கம்பளி போட்டுக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனிலேயே பேசியிருப்பேன், உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்காருவார், இது அவர் காதில் விழக்கூடாத விஷயம்.

லீவில் வந்தபோது புதையல் தேடுகிற ஆட்டத்துக்காக வாய்க்கால் நடைபாலத்தின் அடியில் நீ ஒளித்து வைத்த டப்பாவை இன்டர்நெட்டிலிருந்தே தூக்கிவிடப் போவதாகப் போன ஞாயிறு சொன்னாய், அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பாண்டிச்சேரியிலிருந்து தேடி வந்த பெண் அப்பாவைப் பற்றிப் புகார் எழுதிவிட்டாளாம். புகாரில் பொய் இல்லை. போனைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடித்து, டப்பாவைத் திறந்து, உள்ளே இருக்கிற நோட்டில் பேர் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவதுதான் ஆட்டம் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். இவரோ மழையில் நனைந்துவிடும் என்று அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, பீரோமேல் அந்தோணியார் சுரூபத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். காணாமல்போனதைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதரின் முதுகுக்குப் பின்னாலேயே ஒளித்தால் வேறு யார்தான் கண்டுபிடிப்பது? வந்தவர்கள் பாலத்தடியில் சேற்றில் தவழ்ந்துகொண்டிருக்க, இவர் மேலே நின்று, டப்பா வீட்டில் பத்திரமாக இருக்கிறது, கையெழுத்துப் போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று கூட்டி வந்துவிடுவார். வந்த ஜனத்தை முள்ளில் தவழவிடுவது என்ன மரியாதை என்று என்னிடம் சண்டை வேறு. நானும் கடலைக்கொல்லையில் பிடுங்கிய மல்லாட்டை அவித்துக் கொடுத்து, கேப்பைக் களி கிண்டிப் போட்டு அனுப்பினேன். எல்லாரும் சிரித்துக்கொண்டு சாப்பிட்டார்கள், அந்தப் பெண் மட்டும் நானே தேடினால்தான் கணக்கு என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஆனால் தம்பி, உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. சவரிராயன் என்று பெரிய எழுத்தில் போஸ்டர் ஒட்டிப் பஞ்சாயத்து எலெக்‌ஷனில் நின்று மாசிலாமணியிடம் தோற்றாரே, சொந்தத் தெருவே ஓட்டுப் போடவில்லை என்ற வெட்கத்தில் உன் அப்பா பூசைக்குக்கூட வராமல் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். நீ லீவில் இருந்தவரைக்கும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு நடித்தார், நீ பிளேன் ஏறியதும் மறுபடி கட்டில்தான். மழை வலுத்த அன்று, பையன் வைத்த டப்பா என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு ஓடினார் பார், நான் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அதற்கப்புறம் தினமும் முகச்சவரம் செய்துகொண்டு பாலத்துக்குப் போகிறார். அக்கரை ஜனம் இடுப்பளவுத் தண்ணீரில் பூசைக்கு வந்ததைப் பார்த்துப் பிரெஞ்சு சாமியார் ஒருவர் கருங்கல் பலகை போட்டுக் கட்டிய பாலம், பக்கத்தில் சிலுவை வெட்டிய கல்தான் சாட்சி என்று வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொல்கிறார். திண்டிவனத்து ஆட்களிடம் நூறு வருஷப் பாலம் என்றவர், சென்னைக்காரர்களிடம் நூற்றைம்பது என்றார். வெள்ளைக்காரன் எவனாவது வந்தால் ஏசுநாதருக்கும் முன்னால் கொண்டுபோய்விடுவார் போலிருக்கிறது.

நீ கண்டித்ததும் டப்பாவைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார், அன்று சாப்பிடவில்லை. மறுபடி கட்டிலா என்று ராத்திரியெல்லாம் ஜெபமாலை உருட்டினேன். மறுநாள் விழுப்புரம் காலேஜ் பிள்ளைகள் தேட வந்தார்கள், இவர் வாயைத் திறந்துவிடக்கூடாது என்று நானும் கூடவே போனேன். தூரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, அவர்கள் தப்பான பக்கம் போனால் இருமினார், சரியான பக்கம் வந்தால் நிறுத்திக்கொண்டார். அவர்கள் டப்பாவை எடுத்ததும் எழுந்து போய்ப் பாலக்கதையை ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து மாசிலாமணி சைக்கிளில் வந்து காலை ஊன்றி நின்றார். எலெக்‌ஷனுக்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது, நான் ஓடிப்போய் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டேன். "யோவ் சவரி, இன்னாய்யா கத வுட்டுக்கினு கீற? எங்க தாத்தா கல்லு தூக்கிக் கட்டின பாலம்யா இது" என்றார் அவர். அப்பா விடுவாரா? "எங்க தாத்தா கல்லு தூக்கினாரு. உங்க தாத்தா பீடி புடிச்சிக்கினு நின்னாரு" என்றார். பொழுது சாயும்வரை பாலத்தின்மேல் உட்கார்ந்து அதே சண்டைதான், பிள்ளைகள் எப்போது கிளம்பிப் போனார்கள் என்றுகூட இரண்டு பேருக்கும் தெரியாது. காலையில் மாசிலாமணியே வீடு தேடி வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார், மிச்சச் சண்டையைப் போடுவதற்கு.

உன் தங்கை வெனிலாவுக்குப் பரீட்சை நெருங்குகிறது, நீ பேசினால் படிப்பாள். ராத்திரியில் வெறும் ரொட்டியோடு படுத்துவிடாதே, ஞாயிறு பூசையை விடாதே. மாதாவும் அந்தோணியாரும் உன் பக்கத்திலேயே இருந்து காப்பாற்றட்டும். அந்த டப்பாவை எடுத்தே தீரவேண்டும் என்றால் அங்கேயிருந்து பட்டனைத் தட்டி எடுக்காதே, நேரில் வந்து எடு. வந்து உன் அப்பா முகத்தைப் பார்த்தால் எடுக்கமாட்டாய்.

உன் அம்மா,
அந்தோணிமேரி