எண்பதில் நிற்கும் வண்டி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அங்கே நன்றாக இருக்க வேண்டும். உன்மேல் மலையளவு கோபம் இருக்கிறது, அதற்காக நலம் விசாரிக்காமல் இருக்க முடியுமா. நீ போன் செய்தபோதெல்லாம் நான் குளிப்பதாக அம்மா சொல்லியிருப்பாள். ஒரு மனுஷன் வாரம் முழுக்கவா குளிப்பான்? பேசினால் கத்திவிடுவேன், இல்லையென்றால் குரல் உடைந்துவிடும், இரண்டையும் நீ கேட்க வேண்டாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

தண்ணீர் மோட்டார் மறுபடி மக்கர் செய்து சரியாகிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் குறையவில்லை, மாடிப்படி ஏறாதே என்றால் கேட்பதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நம் குடியிருப்போர் சங்கத்தில் கூட்டம். இனி விற்கும் புதுக் கார்களில் எல்லாம் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி வைத்தே விற்க வேண்டும் என்று மனு கொடுப்பதா வேண்டாமா என்று பேச்சு. என்னை விட்டால் வேறு யார் பேசுவார்கள், காலமெல்லாம் பஸ் ஓட்டியவன் ஆயிற்றே. எழுந்து நின்று, கருவியெல்லாம் வேண்டாம், கட்டுப்பாடு ஓட்டுகிறவன் காலில் இருக்க வேண்டும், என்னைப் பாருங்கள், என் மகள் வாங்கிக் கொடுத்த புதுக் காரை வந்த நாளிலிருந்து எண்பதைத் தாண்டி ஓட்டியதே இல்லை, என் காலை யார் கட்டிப்போட்டார்கள் என்று கேட்டேன். கைதட்டினார்கள். பின்வரிசையில் நம் மெக்கானிக் உட்கார்ந்திருந்தான், வாயில்லாப்பூச்சி என்று நாம் கேலி செய்வோமே, அவன்தான். அன்றைக்குப் பார்த்து அவனுக்கு வாய் வந்துவிட்டது. சார், உங்க வண்டியிலயே அது இருக்கே, எண்பதுக்கு மேல போகாம பூட்டி வைக்கச் சொல்லி உங்க பொண்ணுதானே போன் பண்ணாங்க என்றான். பாவம், எனக்கும் தெரியும் என்று நினைத்திருக்கிறான். கூட்டமே கொல்லென்று சிரித்தது. நான் உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள். அப்போதே புரிந்துவிட்டது, அவளும் உடந்தை.

எண்பதுக்கு மேல் வண்டி இழுக்கவில்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லையம்மா. புது இன்ஜின், பழகட்டும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு மிதிப்பதையே விட்டுவிட்டேன். வயதானதும் நிதானம் வந்துவிட்டது என்று எனக்குள் ஒரு பெருமை. உன் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பரவால்ல, இப்பல்லாம் பதமா ஓட்டுறீங்க என்று பாராட்டுவாள். அந்தப் பாராட்டைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பூட்டி வைத்ததைக்கூட மன்னித்துவிடலாம், பூட்டிவிட்டுப் பாராட்டியதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

பஸ்ஸிலும் எங்களுக்கு வேகப் பூட்டு போட்டார்கள். டிப்போவில் எங்களை வரிசையாக நிற்க வைத்து, எங்கள் கண் முன்னால் பொருத்தி, ஈய முத்திரை அடித்தார்கள். திட்டித் தீர்த்தோம். ஆனாலும் அது இருப்பது தெரிந்துதான் ஸ்டியரிங்கைப் பிடித்தோம். ஒருத்தரும் எங்களை முட்டாளாக்கவில்லை. கூட்டத்தில் சட்டம் வேண்டாம் என்று பேசினேன் இல்லையா, இப்போது சொல்கிறேன், சட்டமே வரட்டும். சட்டம் முகத்துக்கு நேராகச் சொல்லும். நீ முதுகுக்குப் பின்னால் செய்தாய்.

ஏன் செய்தாய் என்று அம்மா சொல்லிவிட்டாள். நீங்கள் வந்திருந்தபோது பழைய காரில், வளைவில் அந்த லாரியை முந்தினேனே, அன்றைக்குப் பின்சீட்டில் பேரனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தாயாம். கண்ணாடியில் உன்னைப் பார்த்தேன், நீ சிரித்தாய். பயத்தில் சிரித்தாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? அப்பா, மெதுவாப் போங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓரமாக நிறுத்தியிருப்பேன். கிளட்ச்சை எப்போது விட வேண்டும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். நீ சுவரில் கொண்டுபோய் இடித்த அன்றும் சாவியை ஒளித்து வைக்கவில்லை, மறுநாளும் உன் கையிலேயே கொடுத்தேன். என்னிடம் பேச முடியாது, என் மெக்கானிக்கிடம் பேச முடியும் என்று நீ முடிவு செய்தாயே, அதுதான் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

கூட்டத்துக்கு மறுநாளே மெக்கானிக்கிடம் போய்ப் பூட்டை எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டான். புறவழிச் சாலையில் தனியாக ஓட்டினேன். ஸ்பீடோமீட்டர் முள் எண்பதை நெருங்கியதும் கால் தானாகத் தளர்ந்தது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? முடியவில்லை. இது என் நிதானமா, நீ போட்ட பூட்டின் பழக்கமா என்று எனக்கே தெரியவில்லை. அந்த நிச்சயத்தைத்தான் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டாய். அம்மா இப்போது ரோட்டைப் பார்ப்பதில்லை, முள்ளைத்தான் பார்க்கிறாள்.

நேற்று திரும்பவும் அவனிடம் போனேன். அம்மாவையும் கூட்டிப்போனேன், அவள் பார்க்கட்டும் என்று. எழுபத்தைந்தில் பூட்டச் சொன்னேன். பொண்ணு எண்பதுதானே சொன்னாங்க சார் என்று இழுத்தான். அது அவள் கணக்கு, இது என் வண்டி என்றேன். அம்மா மறுபடி கண்ணாடியைத் துடைத்தாள், இந்தத் தடவை கண்ணையும் சேர்த்து.

கோபம் போய்விட்டது என்று நினைக்காதே, இருக்கிறது. இருந்தாலும் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், அது என் கோபத்தைத் தாண்டிய விஷயம். பேரனுக்குப் பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் பெல்ட் போட மறக்காதே. லீவுக்கு வரும்போது விமான நிலையத்துக்கு நான்தான் வருவேன், வாடகைக் கார் எல்லாம் வேண்டாம். மெதுவாகத்தான் வருவேன், வாசலிலேயே நில். வீட்டுக்கு வரும் வழியில் பயமாக இருந்தால் வாயைத் திறந்து என்னிடம் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா