வயல் மண்ணும் இரண்டு மூட்டை எருவும்

மடவளை

என் மீசைக்காரருக்கு பாலாம்பிகை எழுதுவது. நான் நல்ல சுகம். உங்கள் இருமலும் நம் பசுவும் எப்படி?

நான் வேலை செய்யும் வீட்டு றம்லத் அக்கா, செங்கல் அடுக்கி உயர்த்திய பாத்தியில் கீரை போட நல்ல மண் பார்க்கச் சொன்னார். வயல் மண்ணை எடுத்துவந்து நிரப்பினேன். கறுப்பாக, பளபளவென்று, உங்களைப் போலவே இருந்தது. வெயில் பட்டதும் இறுகிப்போனது. அதுவும் உங்களைப் போலத்தான்.

"அல்லாஹ்வே! சுத்திவரத்தானே செங்கல் வெச்சேன், உள்ளுக்குமா?" என்று அக்கா சிரித்தார்.

நம் மாட்டுக்கொட்டில் எருவைக் கலந்தால் மண் இளகிவிடும் என்று சொல்லிவிட்டேன். இரண்டு மூட்டை வேண்டும். பண்டாரவளையிலிருந்து இங்கே வரும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடாதீர்கள், கட்டு அவிழ்ந்துவிடும். நீங்களே தூக்கிக்கொண்டு வாங்க.

அக்கா கூப்பிடுகிறார். எருவை மறந்துவிட்டு வந்தாலும் பரவாயில்லை.

பாலாம்பிகை