பக்கவாட்டு வெளிச்சம்

சின்ன காஞ்சிபுரம்
4.2.2024

அன்புள்ள தர்மா,

நலம்தானே? போனில் கேட்டால் பேச்சிலேயே மழுப்பிவிடுவாய். அதனால் பழையபடி கடிதம்.

ஏனாத்தூர் கண்காட்சியில் மாட்டியிருக்கும் உன் பதினெட்டு ஓவியங்களையும் வரப்போகும் உன் ஓவியப் புத்தகத்துக்காகப் படம் எடுத்துவிட்டேன். என் வழக்கம் உனக்குத் தெரியும். நேர் வெளிச்சத்தில் ஒன்று, பிறகு விளக்கைப் பக்கவாட்டில் வைத்து ஒன்று. பக்கவாட்டில் வைத்தால் பெயிண்டின் மேடு பள்ளமெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். ‘தென்னேரி ஏரி’யில் உன் கையெழுத்துக்கு அடியில் இன்னொரு கையெழுத்து புடைத்துக்கொண்டு நிற்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். பொன்னி. உன்னிடம் படித்த அந்தத் தென்னேரிப் பெண்.

எனக்கு அருவருப்பாக இருந்தது. இருபது வருடமாக நீ வரைந்ததையெல்லாம் நான்தான் எடுத்திருக்கிறேன். ஏதாவது காரணம் இருந்தால் சொல்லிவிடப்பா.

உன்
வீரா

சென்னை
9.2.2024

அருமை வீரா,

படித்துவிட்டுச் சிரித்தேன். நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்க வேண்டியவன். கேன்வாஸ் என்னுடையது, பெயிண்ட் என்னுடையது, ஏரியை எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தவனும் நான். அவள் இப்போது ஒரு பட்டுக்கடையில் கம்ப்யூட்டரில் புடவைக்குக் கரை வரைந்துகொண்டிருக்கிறாள். இதெல்லாம் அவளுக்கு ஞாபகம்கூட இருக்காது.

நேர் வெளிச்சத்தில் எடுத்ததை மட்டும் அனுப்பு, மற்றதை அழித்துவிடு. புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே உன் பெயரைப் போடச் சொல்கிறேன். என் வீட்டுக்காரி காந்தா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஒருநாள் சாப்பிட வா.

என்றும் உன்
தர்மன்

சின்ன காஞ்சிபுரம்
17.2.2024

தர்மன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

பிறகு பழைய படங்களைத் தேடினேன். 2017, உங்கள் மாணவர்களின் கண்காட்சி. எடுத்தவன் நான்தான். அதே ஏரி சுவரில் தொங்குகிறது, கீழே வரைந்தவர் பெயர் எழுதிய அட்டை மட்டும் இல்லை. “அட்டை விழுந்தா அசிங்கமா இருக்கும்பா, வெட்டிடு” என்று அன்று நீங்கள் சொன்னீர்கள். நானும் ஒவ்வொரு படத்திலும் வெட்டியிருக்கிறேன். அந்த அருவருப்பில் பாதி எனக்குச் சேர வேண்டியது.

பொன்னியைக் கடைக்கே போய்ப் பார்த்து, பக்கவாட்டில் எடுத்த படத்தைக் காட்டினேன். அடியில் இருந்த தன் கையெழுத்தை விரலால் தடவினாள்.

“படத்தைத் திருப்பிக் கேட்டப்ப கரையான் அரிச்சிடுச்சின்னு சொன்னாரு சார். நான் அழுதுக்கினே வீட்டுக்குப் போனேன்” என்றாள். அதற்குப் பிறகு பிரஷ்ஷைத் தொடவே இல்லையாம். கரையானாம். வாய் கூசவில்லையா உங்களுக்கு?

நேற்று அவளை ஏனாத்தூருக்கு அழைத்துப் போனேன். ஓவியத்துக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, ஒரு அட்டையில் அவள் பெயரை அவளையே எழுதச் சொல்லிக் கையில் பிடிக்கவைத்து எடுத்தேன். பார்க்க வந்தவர்களும் தங்கள் போனில் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நேர் வெளிச்சத்தில் எடுத்த பதினெட்டையும் அழித்துவிட்டேன். உங்கள் புத்தகத்துக்கு என்னிடமிருந்து வருவது இது ஒன்றுதான்.

இந்தத் தடவை அட்டையை வெட்டவில்லை.

கே. வீராசாமி
புகைப்படக்காரர்