விபூதி போட்டுத் தேய்த்த வெள்ளி டாலர்

இன்று காலை பேத்தியின் வெள்ளிக் கொலுசுக்கு விபூதி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஈரத் துணியில் விபூதி குழைந்து அந்த வாசம் எழுந்ததும் கை நின்றுவிட்டது. "என்ன தாத்தா, முடிஞ்சிதா?" என்று அவள் கேட்டாள். கொலுசை அவள் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்து உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ போய் நாலு மாதம் ஆகிறது. நீ உயிரோடு இருந்தபோது சொல்லாத தைரியசாலி நான், இப்போது எழுதுகிறேன்.

எண்பதுகளில் தர்மபுரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நீ லைன்மேன், நான் குமாஸ்தா. நீ கம்பி இழுக்கப் போன ஊரிலெல்லாம் ஒரு விசாரணை நடக்கும். "பழைய வெள்ளிக்காசு ஏதாச்சும் இருக்குதுங்களா? ஒரு பக்கம் பொம்பளத் தலை, ஒரு பக்கம் கழுகு." ஆசாரிகள் உருக்க வைத்திருந்ததைக் கெஞ்சி வாங்குவாய். மாரண்டஹள்ளியில் ஒரு குழந்தையின் அரைஞாண் கயிற்றில் தொங்கிய அமெரிக்க டாலருக்காக மூன்று தடவை பஸ் ஏறினாய். வளையம் பற்றவைத்துக் கெடுத்த காசு என்று தெரிந்ததும் வாங்காமல் திரும்பி வந்தாய். பைத்தியம்தான் உனக்கு, அப்போதும் இதைத்தான் சொன்னேன்.

ஆறு டாலர் சேர்த்தாய். ஏழாவது தங்கச்சியுடையது. உன் மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை செய்த அவள் அம்மாவுக்கு வெள்ளைக்கார சிஸ்டர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்தது. கழுகின் வாலுக்குக் கீழே கடுகளவில் இரண்டு 'சி'. அமெரிக்காவில் கார்சன் சிட்டி என்ற ஊரில் அடித்த காசு, கிடைப்பது அரிது என்று கண்டுபிடித்த அன்று நீ மதியச் சோற்றை மறந்துவிட்டாய். காசு கருகருவென்று இருந்தது. "தொடலாம், தொடைக்கக் கூடாது. அந்தக் கருப்புதான்டா அதுக்குத் தோலு," என்பாய்.

அந்தக் கோடையில் அதியமான்கோட்டையில் உன் கிணறு வற்றியது. தக்காளி நாற்று நட்டாகிவிட்டது. போர் போட்டால்தான் பிழைக்கும். பெங்களூரில் காசு வாங்குகிற ஒருவருக்கு நான்தான் உனக்காக இங்கிலீஷில் கடிதம் எழுதினேன். கழுவாத காசாக இருந்தால் போர் செலவுக்குத் தாராளமாகப் போதும் என்கிற தொகையைச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பதில் போட்டார். "எங்கம்மா காசு தண்ணியா வரட்டும்," என்று தங்கச்சி சம்மதித்தாள்.

அந்த வாரம் உனக்கு ஏரியூர்ப் பக்கம் லைன் வேலை, தங்கச்சி தாய் வீட்டில். காசை என் பீரோவில் வைத்துவிட்டுப் போனாய். சனிக்கிழமை அதை எடுத்துப் பார்த்தேன். கார் வைத்துக்கொண்டு வருகிற மனுஷன், இந்தக் கரிக்கட்டையையா பார்ப்பான் என்று தோன்றியது. விருந்தாளி வருமுன் பிள்ளைக்கு முகம் கழுவிவிடுவதுபோலத்தான் நினைத்தேன். அவர் கடிதத்திலேயே 'கழுவாத காசு' என்று இருந்தது. படித்தவன் நான், உனக்குப் படித்துச் சொன்னவனும் நான். அழுக்கில்லாத காசு என்று அதற்கு அர்த்தம் பண்ணிக்கொண்டேன், துடைக்கக் கூடாது என்று நீ சொன்னதையும் உன் பைத்தியம் என்று தள்ளிவிட்டேன். புளி போட்டு ஊறவைத்து, சாமி மாடத்து விபூதியால் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. சாயந்திரம் ஊர் திரும்பிய தங்கச்சியிடம் காகித உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். மறுநாள் நீ அசந்துபோவாய் என்று எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில், பெங்களூர்க்காரர் முன்னால்தான் உறையைப் பிரித்தாய். உன் முகம் மாறியதைப் பார்த்தேன். அவர் லென்ஸை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு சார் தேச்சது இதை? பூரா மயிரு மயிரா கீறல். இனிமே வெள்ளி வெலைதான்."

நீ என் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டு மாதா படத்துக்கு முன்னாலிருந்த பித்தளை மெழுகுவத்தித் தாங்கிகளைப் பார்த்தாய். சனிக்கிழமைதோறும் அவற்றைத் தங்கச்சி சாம்பல் போட்டுத் தேய்ப்பாள்.

"நேத்து இதையும் சேத்துத் தேச்சிட்டியா?"

"இல்லீங்க. நான் கவரப் பிரிக்கவே இல்லீங்க."

"பின்ன அவனா தேச்சான்? ஒரு வாரம் வச்சிருந்தான். காசு அருமை தெரிஞ்சவன் அவன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தால் போதும். நான் தரையைப் பார்த்தேன். பெங்களூர்க்காரர் காசை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தார். கார் கிளம்பிப் போகிற வரைக்கும் நீ அவளைத் திட்டினாய்.

புதன்கிழமை என்னை எக்ஸ்சேஞ்சுக்கு வெளியே கூப்பிட்டாய். தாழ்ந்த குரலில்தான் பேசினாய்.

"எழுத்து இடுக்குல வெள்ளையா ஒட்டிக்கினு இருக்குது. மோந்து பாத்தேன். அடுப்புச் சாம்பல் இல்ல, விபூதி. மாதாவக் கும்புடுற வேதக்கார வூட்ல விபூதி ஏதுடா?"

உண்மையைச் சொல்ல எனக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டு நின்றாய். உள்ளே போகத் துப்பில்லை எனக்கு. "கடையில வாங்கியிருக்கும் தங்கச்சி," என்றேன். பாவி, இரண்டாவது தடவையும் அவள் தலையில்தான் போட்டேன்.

"சரி," என்று சொல்லிவிட்டுக் கம்பிச்சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாய்.

போர் போடவில்லை, தக்காளி செடியிலேயே காய்ந்தது. அதற்கும் நீ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கேக் வந்தது, என் மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறினாய். புதிதாகக் காசு கிடைத்தால் காட்டவும் செய்தாய். ஆனால் என் கையில் தரமாட்டாய். உன் உள்ளங்கையிலேயே வைத்து நீட்டுவாய். நான் குனிந்து பார்த்துவிட்டு, நல்லா இருக்குது என்பேன். கையை மூடிக்கொள்வாய்.

போன வாரம் தங்கச்சியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்தப் புதன்கிழமையே எங்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டாருங்ண்ணா. எனக்கு வருத்தமில்ல. நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பாத்துக்கினே இருந்தாரு. ஆஸ்பத்திரியில நீங்க வந்தப்பகூட என்னை வெளிய போகச் சொன்னாரே, எதுக்குன்னு நெனச்சீங்க?"

அன்று அரை மணி நேரம் நாம் இருவர் மட்டும் இருந்தோம். என்ன பேசினேன் தெரியுமா? மழை இல்லை என்றேன். பென்ஷன் லேட் என்றேன். நீ கண்ணை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். களைப்பாக இருப்பாய், தூங்கு என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.