தேதி முதலா, மாதம் முதலா?

போன வாரம் ராஜபாளையத்தில் சார்ஜர் வாங்க ஒரு கடைக்குள் நுழைந்தேன். வெளியே நல்ல வெயில். உள்ளே பழைய ஏசி ஒன்று முனகிக்கொண்டிருந்தது. ஈரம் காயாத கார்ப்பெட்டின் வாசனை மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். கடைக்காரர் கேட்டது எதுவும் காதில் விழவில்லை. நாம் இரண்டு பேரும் படித்த கம்ப்யூட்டர் சென்டரின் வாசனை அது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போவதைப் போல அடக்கமாகப் போவோமே, அந்த அறை. நீ போன பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் வருவேன். கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் சேர்ந்தவள். உனக்கும் என் வயதுதான். ஆனால் அதற்குள் கல்யாணமாகி, கைக்குழந்தையும் இருந்தது. வீட்டுக்காரர் நூல் மில்லில் ஃபிட்டர். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருவாய். "வேலை கெடச்சா போ, இல்லேன்னா பிள்ளையப் பாருன்னுட்டாவ. இந்தப் படிப்பு முடியுற வரைக்குந்தான் எனக்குத் தவணை" என்று முதல் நாளே சிரித்துக்கொண்டு சொன்னாய். சிரித்துக்கொண்டு சொன்னாலும், கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தாய்.

கறுப்புத் திரையில் வெறும் எழுத்தாக ஓடிய ப்ரோகிராம்கள் போய், விண்டோஸில் பட்டனும் பெட்டியும் வைத்து நாமே செய்யலாம் என்று புது வகுப்பு தொடங்கியிருந்தார்கள். சென்டரை நடத்திய சார்தான் பாடமும் எடுப்பார். எல்லோரும் புரிந்தவர்கள் மாதிரி தலையாட்டினோம். நீ மட்டும் கை தூக்கினாய்.

"சார், இந்தப் பெட்டிக்குள்ள எம்பேர அடிச்சேன். மூடிட்டுத் திரும்பத் தொறந்தா காணோம். எங்க போச்சு?"

வகுப்பே சிரித்தது. "சேமிச்சு வைன்னு அதுக்குச் சொன்னியாம்மா? சொல்லல. பொறவு அது எதுக்கு ஞாபகம் வச்சுக்கிடணும்?" என்றார் சார். சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு அந்த விடை தெரியாது. எனக்கும் தெரியாது.

அன்றிலிருந்து உன் கேள்விகள் நிற்கவே இல்லை. ஒரு நாள் இரண்டு பெட்டிகளில் ஐந்து, ஐந்து என்று போட்டுக் கூட்டச் சொன்னாய். ஐம்பத்தைந்து என்று வந்தது. "ஏட்டி, கணக்குப் படிச்சவ நீயே சொல்லு, அஞ்சும் அஞ்சும் அம்பத்தஞ்சா?" நானும் விழித்தேன். பெட்டிக்குள் அடிப்பதெல்லாம் அதற்கு எழுத்துதான், எண்ணாக மாற்றச் சொல்லி நாம்தான் எழுத வேண்டும் என்று கண்டுபிடிக்க நமக்கு ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. "அம்புட்டுத்தானா? சொல்லாட்டி ஒட்டி வச்சிருது" என்றாய்.

இன்னொரு நாள் நீ ஒரு பட்டனை அழுத்தியதும் திரை வெளுத்து, எதைத் தொட்டாலும் அசையாமல் நின்றது. "செத்துப்போச்சா சார்?" என்று பதறினாய். "சாகல. ஒரே வேலையில மூழ்கிக் கெடக்கு. நடுநடுவுல நம்மளையும் கவனின்னு ஒரு வரி எழுதணும்" என்றார். நீ என் பக்கம் குனிந்து, "எங்க வீட்டுக்காரருக்கும் இப்படி ஒரு வரி எழுதலாமாட்டி?" என்றாய். அடக்க முடியாமல் நான் சிரித்த சிரிப்புக்கு இரண்டு பேரையும் வெளியே நிறுத்தினார்.

படிப்பு முடியும் சமயத்தில் அந்த வேலை வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் குழந்தைகளுக்கான ஒரு டாக்டரம்மா. வத்திராயிருப்பிலிருந்தெல்லாம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வருவார்கள். அவருக்கு ஒரு ப்ரோகிராம் வேண்டும். குழந்தையின் பிறந்த தேதியைக் கொடுத்தால், எந்தத் தடுப்பூசி என்றைக்கு என்று சொல்ல வேண்டும். அந்த வாரம் யாரை வரச் சொல்லித் தபாலட்டை போட வேண்டும் என்றும் காட்ட வேண்டும். "டாக்டரம்மாவுக்குப் பிடிச்சிட்டா ரெண்டு பேருக்கும் இங்கயே வேலை" என்றார் சார். நீ மாமியாரிடம் அதைச் சொல்லிவிட்டாய். அதன் பிறகு பின்வாங்க உனக்கு வழியில்லை.

இருவரும் உட்கார்ந்து செய்தோம். சோதித்துப் பார்க்க நான் போட்ட தேதிகள் நினைவிருக்கிறதா? சுதந்திர தினம், குடியரசு தினம், குழந்தைகள் தினம். எல்லாம் சரியாக வந்தன.

டாக்டரம்மாவிடம் காட்டப் போன அன்று காலை உன் மகளுக்கு லேசான சளி. அவளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாய். க்ளினிக்கில் புதிதாக வாங்கிய மெஷினில் ப்ரோகிராமை ஏற்றினோம். அதே மூன்று தேதிகளைப் போட்டுக் காட்டினேன். டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. "இன்னைக்கே ஆரம்பிச்சிரலாமே" என்றார். சார் எழுந்து கை கூப்பியேவிட்டார்.

"ஒரு நிமிசம், எம்பிள்ளையப் போட்டுப் பாக்கேன்" என்று நீ முன்னால் வந்தாய். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி பிறந்தவள். ஐந்து, எட்டு என்று அடித்தாய். ஒன்பது மாதத்தில் போடும் அம்மைத் தடுப்பூசிக்கு நாள் தாண்டிவிட்டது என்று சிவப்பில் வந்தது.

"அதெப்படி? இன்னும் நாள் கெடக்கே."

சார் உன் பக்கம் சாய்ந்து, "அப்புறம் பாத்துக்கிடலாம். இப்ப வாயத் தொறக்காத" என்று பல்லுக்குள் சொன்னார். எனக்குக் கேட்டது. உனக்கும் கேட்டது. உன் கண் ஒரு தடவை என்னைப் பார்த்தது. அந்த வேலை உனக்கு எவ்வளவு தேவை என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். நீ மகளை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாய்:

"சார், இது தேதிய மொதல்ல படிக்குதா, மாசத்த மொதல்ல படிக்குதா?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. சென்டர் மெஷினை யாரோ தேதியை முதலில் படிக்கும் நம்மூர் வழக்கத்துக்கு மாற்றி வைத்திருந்தார்கள். டாக்டரின் மெஷினோ வெளிநாட்டு வழக்கப்படி மாதத்தை முதலில் படித்தது. உன் மகள் அதற்கு மே எட்டாம் தேதி பிறந்தவள். பதினைந்தாவது மாதம் என்று ஒன்று இல்லாததால் சுதந்திர தினத்தைத் தானாகத் திருப்பிப் படித்துக்கொண்டது. நான் போட்ட மூன்று தேதிகளுமே பன்னிரண்டைத் தாண்டியவை; அதனால்தான் தவறு வெளியே தெரியவில்லை.

"முன்கூட்டியே கூப்பிட்டா வெறும் அலைச்சல்தான்" என்றாய் டாக்டரம்மாவிடம். "பிந்திக் கூப்பிட்டா பிள்ளைக்கு ஆபத்துல்ல? இத இன்னைக்கு வைக்காதீய டாக்டர்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நீ சொல்லலேன்னா நான் நம்பியிருப்பேன்" என்றார். பிறகு, "சரி பண்ணி எடுத்துட்டு வாங்க" என்று அடுத்த குழந்தையை உள்ளே கூப்பிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் சார் நம்மைத் திரும்பிப் பார்க்காமல் முன் சீட்டில் போய் உட்கார்ந்தார். யார் மேலோ எரிச்சலாகத் தன் வீட்டில் பேசும் தெலுங்கில் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். நீ சன்னலோரம் மகளை மடியில் போட்டுக்கொண்டு அழுதாய். சத்தமில்லாமல்தான். "வேலை போச்சுட்டி" என்றாய். பஸ் ஊருக்குள் நுழையும்போது மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஏன் நாம தேதிய ஒரே பெட்டியில கேக்கோம்? மாசத்தப் பேரச் சொல்லிக் கேட்டா எந்த மெஷினும் குழம்பாதுல்ல?" என்றாய்.

அதைத்தான் செய்தோம். நாளுக்கு ஒரு பெட்டி, வருடத்துக்கு ஒரு பெட்டி, மாதத்தைப் பெயராகத் தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல். மறுபடி கொண்டுபோனபோது டாக்டரம்மா தன் பேரனின் பிறந்த நாளை உன்னையே போடச் சொல்லிப் பார்த்தார். சரியாக வந்தது. "நர்ஸுக்குச் சொல்லிக் குடுக்க ஆள் அனுப்புங்க. அந்தக் கேள்வி கேட்ட பொண்ணு வரட்டும்" என்றார். சார் என்ன செய்வார்? அடுத்த மாதமே உன்னை வேலைக்கு எடுத்தார். கொஞ்ச நாளில் புதிதாகச் சேருகிறவர்களின் வகுப்பையும் உன்னிடமே விட்டுவிட்டார். அங்கே யாராவது யாரையாவது பார்த்துச் சிரித்தால் சிரித்தவரை எழுப்பி விடை கேட்பாயாம். உன் மாமியார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சென்டர் வாசலில் வந்து நின்று உன்னைப் பார்த்துவிட்டுப் போன கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பாய்.

நான் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனேன். வருடங்கள் ஓடின. உனக்கு உடம்புக்கு வந்த பிறகு மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாய். குரல் மெலிந்திருந்தது. "மருந்து ஏத்துதாவ. உள்ள போய் இது என்ன செய்யும்னு பெரிய டாக்டர்ட்ட கேட்டேன். உக்காந்து படம் போட்டுச் சொன்னாருட்டி" என்றாய். பக்கத்துக் கட்டில்காரர்களும் எட்டிப் பார்த்துத் தங்களுக்கும் படம் போடச் சொன்னார்களாம். உன் சிரிப்பில் மட்டும் ஒரு குறையும் இல்லை. நாம் கடைசியாகப் பேசியது அன்றுதான்.

இப்போது என் ஆபீஸ் கூட்டங்களில் எல்லோரும் என்னைவிட வேகமாகப் பேசுகிறார்கள். நேற்று ஓர் இளைஞர் திரையில் அம்புக்குறிகளாகப் போட்டு நெடுநேரம் விளக்கினார். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்குப் பாதிக்கு மேல் பிடிபடவில்லை. தலைமுடி நரைத்த பிறகு இதைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டேன்: "எனக்குப் புரியல தம்பி. ரெண்டாவது கட்டத்துலேருந்து மறுபடி சொல்லுங்க."

மூலையிலிருந்து ஒரு பெண், "எனக்கும் மேடம்" என்றாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.