எம்பாட்ட எனக்குக் குடு

அக்கா,

இன்று காலை பொன்னேரியிலிருந்து ஒரு பெண் கேமராவோடு வந்தாள். நம் குப்பத்தில் பிறந்த சினிமாப் பாட்டின் கதையை என்னிடம் கேட்கச் சொல்லி யாரோ அனுப்பினார்களாம். போனைத் தட்டி அந்தப் பாட்டைப் போட்டாள். ‘என் பாட்டை எனக்குக் கொடு’ என்று அந்தக் கதாநாயகி கொஞ்ச ஆரம்பித்தாள். முட்டிவலியோடு உட்கார்ந்திருந்த எனக்கு இன்னும் அலுப்பாகிவிட்டது. கல்யாண மண்டபம், ஷேர் ஆட்டோ, கோயில் மைக் என்று இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருக்கிறது. நீ கண்ணை மூடிய பிறகும் அது நிற்கவில்லை.

அன்றைக்கு நீ கொஞ்சவில்லை. ஊர்க்கூட்டத்தின் நடுவில், ஈரப் புடவையோடு, இடுப்பில் கட்டிய இறால் பறியைக்கூட அவிழ்க்காமல் நின்றாய். உன் புருஷன் காய்ச்சலில் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. பாடு எழுதும் பட்டியலில் அவர் பேரை அடிக்கச் சொல்லிவிட்டார்கள். ஆம்பளை இல்லாத வீட்டுக்குப் பாடு கிடையாது, ஏரியில் வலை போட முறை வராது, அதுதான் ஊர் வழக்கம். பட்டியல் எழுதுகிறவன் நான்.

"எம்பாட்ட எனக்குக் குடு. நானே வலை போட்டுக்கிறேன். எம்பேர மட்டும் எழுது தம்பி" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டாய். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தானா அந்தப் பாட்டெழுதுகிறவர் வரவேண்டும்? ஆட்டமும் பாட்டுமாக ஒரு படம் எடுக்க, ஏரியைப் பார்க்க வந்த சினிமாக் கூட்டத்தில் அவரும் ஒருவர். "எந்தப் பாட்டைக் கேக்குறாங்க?" என்று என் காதருகே குனிந்து விசாரித்தார். வெளியாள் எதிரில் ஊர்ச் சண்டையைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

"அது இன்னாவோ பழைய பாட்டு சார். பாடச் சொல்லி கேக்குது" என்றேன். மனிதர் முகம் மலர்ந்து, நீ கேட்டதை அங்கேயே எழுதிக்கொண்டார்.

பொன்னேரிக் கொட்டகையில் படம் வந்தபோது குப்பமே கிளம்பிப் போனது. திரையில் கதாநாயகி கேட்டாள். கதாநாயகன் படகில் நின்றபடி பாடிக் கொடுத்தான். சனம் விசிலடித்தது. திரும்பி வந்த பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, "அவ ஒரு தபா கேட்டா, குடுத்துட்டான் பாத்தியா" என்றாய். எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

ஆனாலும் அடுத்த வருஷப் பட்டியலையும் நான்தான் எழுதினேன், நீ இல்லாமல். அதற்கடுத்த வருஷமும் அப்படித்தான். நீயும் வருஷா வருஷம் வந்து கேட்டாய், பிறகு ஒருநாள் கேட்பதையே விட்டுவிட்டாய். சேற்றில் உட்கார்ந்து கையால் இறால் தடவித்தான் இரண்டு மகள்களையும் கரையேற்றினாய். அந்தக் கையில் சேற்றுப்புண் ஆறி நான் பார்த்ததே இல்லை.

நான் பேசியிருந்தால் ஊர் ஒப்புக்கொண்டிருக்குமோ என்னவோ, தெரியாது. உனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். அந்தப் பாட்டு எங்கே ஒலித்தாலும் இந்த ஒன்றுதான் எனக்குக் கேட்கிறது. இத்தனை வருஷமாக இதைச் சுமந்து சலித்துவிட்டேன், இறக்கி வைக்க இடம்தான் தெரியவில்லை.

அதனால் இன்று அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாடு என்றால் ஏரியில் ஒரு வீட்டுக்கு வரும் முறை என்றும், நீ கேட்டது அதைத்தான் என்றும், அதைப் பாட்டாக்கிப் பொய் சொன்னவன் நான்தான் என்றும், கடைசிவரை உனக்கு அது கிடைக்கவில்லை என்றும் ஒன்று விடாமல் சொன்னேன்.

பாதியிலேயே கேமராவை நிறுத்திவிட்டாள் போலிருக்கிறது, நான் கவனிக்கவில்லை.

"ஐயா, இந்த ஊர்க் கதையெல்லாம் வேணாம். பாட்டைப் பத்தி மட்டும் சொல்லுங்க" என்றாள்.

"அதத்தாம்மா சொல்லிக்கினு கீறேன்" என்றேன்.